பொட்டா, கேமராத் தூசியா?

மொட்டை அடிப்பதற்குச் சற்று முன் எடுத்த அந்தப் படத்தில், என் மகளின் இடது கன்னத்தில் இருப்பது திருஷ்டிப் பொட்டா, கேமராவுக்குள் புகுந்த தூசியா? மாதங்கள் ஓடிவிட்டன, எனக்கு இன்னும் தெரியவில்லை. கணினியில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பெரிதாக்கினால் கறுப்புக் கட்டங்களாகச் சிதறுகிறது. சிறிதாக்கினால் மறுபடி பொட்டாகிவிடுகிறது. ஒரு நாள் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் தூசி. மறுநாள் காபி குடித்துவிட்டுப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் பொட்டு.

இதற்கெல்லாமா கவலைப்படுவாள் ஒருத்தி என்று நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு நகம் வெட்டினால் வெட்டிய துண்டுகளைத் தாளில் சேர்த்து எண்ணிப் பார்ப்பவள் நான். ஒன்று குறைந்தால் விழுங்கிவிட்டாளோ என்று வாயைத் திறந்து பார்ப்பேன்.

கேமரா என் தம்பியுடையது. லென்ஸைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. அவன் புதிது வாங்கியதும் பழையதைப் பையோடு என்னிடம் கொடுத்துவிட்டான். "பாப்பாவை எடுக்கா, சூப்பரா வரும்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

நான் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, கல்லூரிப் பரீட்சைக்குப் படித்ததுபோல் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். படித்தும் முதல் நாள் கேமரா உயிர்பெறவில்லை. பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தேன். அடுத்த நாள் உயிர்பெற்றது, ஆனால் படத்தைச் சேமிக்க மாட்டேன் என்றது. மெமரி கார்டின் ஓரத்தில் எறும்புத் தலையளவு ஒரு பூட்டு இருக்கிறது, அது கீழே இறங்கியிருந்தது. அதன் பிறகு, பார்க்கும் துளை வழியாகப் பார்த்தால் உலகமே கலங்கலாகத் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு பார்வை மங்கிவிட்டது என்று முடிவு செய்து, கண் டாக்டரிடம் போய் வந்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. துளைக்குப் பக்கத்தில் கண்ணாடி போடுகிறவர்களுக்காக ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. என் மகள் அதைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள். கையேட்டில் அந்தப் பக்கத்திலும் நான் கோடு போட்டிருந்தேன்.

இப்படி ஒவ்வொன்றாகச் சமாளித்துக் கேமராவும் நானும் ஒருவாறு பழகியிருந்தபோதுதான் அந்த வாரம் வந்தது.

என் கணவர் திருப்பூரில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். குழந்தைகள் உடுப்புதான். அதுவரை பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக, வெளிநாட்டுக் கடைகளுக்காகத் துணி வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீஸ் நேரடியாகவே சாம்பிள் கேட்டது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கான ராம்பர், மேலும் கீழும் ஒரே துணியாகப் போடுகிற உடுப்பு. இளம் பீச் நிறம். குழந்தைக்குப் போட்டுப் படமெடுத்துச் சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், நிறம் அசலாகத் தெரிய வேண்டும் என்றார்கள். போனில் எடுத்தால் அந்த பீச் நிறம் ரோஸாகிவிடுகிறது.

"ஆள் வெச்சு எடுத்துக்கலாம்" என்றார் கணவர்.

"எதுக்குங்க? கேமராவும் நம்மகிட்ட இருக்குது, கொழந்தையும் நம்மகிட்ட இருக்குது" என்றேன்.

பெருந்தன்மையாகச் சொல்லவில்லை, எனக்கு உள்ளே ஒரு கணக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூலனூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகளுக்கு மொட்டையடித்துக் காதுகுத்துவதாக இருந்தது. பிறந்தபோது கொண்டுவந்த முடி. காதுக்குப் பின்னால் சுருண்டு, வியர்த்தால் நெற்றியில் கேள்விக்குறிபோல் ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருப்பவளைப் போனில் எடுத்து எடுத்து என்னிடம் இருந்ததெல்லாம் கலங்கல் படங்கள்தான். முடி திரும்ப முளைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். முளைக்கும்தான். ஆனால் இது வராது. ராம்பர் சாக்கில் அந்த முடியோடு ஒரு நல்ல படம் எனக்கு வேண்டும். ஞாயிறு காலைக்குள் வேண்டும்.

வியாழக்கிழமை கம்பெனியின் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டோம். முதல் படங்களில் மகள் மஞ்சள் காமாலை வந்தவள்போல் இருந்தாள். உடனே அவள் கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டேன். பிறகுதான் கேமராவில் வெளிச்சத்தின் வகையை மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு வந்த அனுப்பர்பாளையத்துப் பெரிய எவர்சில்வர் தட்டை மாமியார் பிடித்துக்கொண்டு முகத்துக்கு வெளிச்சம் திருப்பினார். இன்னொரு கையில் முருங்கைக்காய். அதை ஆட்டினால்தான் மகள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"இங்க பாரு சாமி, காயி பாரு, காயி!"

அன்று இரவே படங்களை அனுப்பினோம். வெள்ளி காலை பதில் வந்தது. எங்கள் படத்திலேயே ராம்பரின் கழுத்துக்குக் கீழே சிவப்பு வட்டம் போட்டு, 'கறை உள்ளது, பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்கள். பார்த்தேன். ஆமாம், எள்ளளவு கறுப்புப் புள்ளி.

திருப்பூரில் ஒரு புள்ளி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. புள்ளி வந்தால் அது யாருடையது என்று ஊரே கேட்கும். தையல் மெஷின் எண்ணெயா, சாயப்பட்டறையில் பட்டதா, நூலிலேயே வந்ததா? எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அக்காவுக்கு அது மானப் பிரச்சினை. குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சிவப்பு அம்பு வடிவத்தில் ஸ்டிக்கர் உண்டு. அதை விரல் நுனியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு அவர் ராம்பரைக் குழல்விளக்கின் அடியில் விரித்தார். இழுத்தார், திருப்பினார், உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இதுல எங்கீங்க இருக்குது கறை?"

"படத்துல இருக்குதுங்களே அக்கா."

"என்ற டேபிள்ல இருந்து கறையோட ஒரு பீஸு தாண்டாதுங்க. தாண்டுச்சுன்னா இந்தக் கண்ணை நோண்டிப் போடுங்க."

நோண்டவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு ஓர் அம்பை ஒட்டி, கறையெடுக்கும் திரவத்தை அந்த இடத்தில் பீய்ச்சி, தேய்த்து, உலர்த்தி, அயர்ன் போட்டுக் கொடுத்தார். கணவர் சாயப்பட்டறைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சண்டை பிடித்தார். காலையில் ஊட்டிய ராகிக் கூழ் தெறித்திருக்குமோ என்று நான் யோசித்தேன். ராகி கறுப்பாகுமா? ஆகாது. இரும்புச் சத்து சொட்டு மருந்து? அது ஆகும். அன்று அதைக் கொடுத்தேனா? இரண்டு முறை கொடுத்துவிட்டேனா? கறையை விட்டுவிட்டு மருந்து பாட்டிலைத் தேடப் போய்விட்டேன்.

மகளைத் திரும்ப நிறுத்தி எடுத்தோம். கழுத்தில் கறை இல்லை. தொடையில் இருந்தது.

கணவர் அடுத்த ராம்பரைக் கொண்டுவரச் சொன்னார். எடுத்தோம். இப்போது வயிற்றில்.

செக்கிங் அக்கா கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "கறை நடக்குதுங்களா அம்மிணி?"

"புள்ளைக்குக் கண்ணு பட்டுப் போச்சு. கோயிலுக்குப் போற சமயத்துல இத்தனை பேரு முன்னால நிறுத்துனா வேற என்ன ஆகும்?" என்ற மாமியார், தட்டைக் கீழே வைத்துவிட்டு மையை எடுத்து மகளின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். இப்போது படத்தில் இரண்டு புள்ளிகள்.

அதற்குள் மகள் உடுப்பு போட்டது போதும் என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிட்டாள். வெறும் வெள்ளைத் துணி மட்டும் தொங்கியது. நான் எதையோ யோசித்துக்கொண்டு, கை பழக்கத்தில் அதையும் ஒன்று எடுத்தேன். திரையில் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத படம். அதில் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாக, தன்னந்தனியாக, அந்தப் புள்ளி.

படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். கழுத்தில், தொடையில், வயிற்றில். மகள்தான் இடம் மாறியிருந்தாள். சட்டத்துக்குள் புள்ளி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

"துணியில இல்லீங்க. கேமராவுலதானுங்க" என்றேன்.

செக்கிங் அக்கா விரல் நுனியிலிருந்து ஓர் அம்பைப் பிரித்து, நிதானமாக, என் கேமராவின் நெற்றியில் ஒட்டினார். "இந்தப் பீஸு ரிஜெக்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சாயப்பட்டறைக்குத் திரும்பப் போன் போட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை கேமராவைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினேன். முன் கண்ணாடியை மெத்தென்ற பனியன் துண்டால் துடைத்தேன். எங்கள் வீட்டில் தரை துடைப்பதிலிருந்து குழந்தை வாய் துடைப்பதுவரை பனியன் வேஸ்ட்தான். புள்ளி போகவில்லை. பனியன் பஞ்சுதான் கூடுதலாக ஒட்டியது. கோவையில் சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். "லென்ஸ்ல இல்லீங்க மேடம், உள்ள சென்சார்ல தூசி. திங்கக்கிழமை கொண்டாங்க" என்றார்கள். திங்கட்கிழமை என் மகளுக்குத் தலையில் முடியே இருக்காது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

"தூசிதானே? ஏர் அடிச்சா போயிருது" என்றார் கணவர்.

பனியன் கம்பெனி வைத்திருக்கிற எவரும் இதைத்தான் சொல்வார்கள். மெஷினில் நூல் சிக்கினால் ஏர். தைத்த துணியில் பிசிறு இருந்தால் ஏர். மாலையில் வேலை முடிந்து தலையிலும் சட்டையிலும் பஞ்சோடு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொள்வதும் ஏர்தான். கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயின் முனையில் ஒரு துப்பாக்கி. அழுத்தினால் போதும்.

நான் கையேட்டைத் திறந்தேன். வாயால் ஊதக் கூடாது, கோடு போட்டிருந்தேன். ஸ்பிரே டப்பா கூடாது, கோடு போட்டிருந்தேன். கம்ப்ரசர் என்ற சொல்லே இல்லை. சொல்லாததால் செய்யலாமா? இல்லை, இதையெல்லாமா சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்களா? நான் இந்த யோசனையில் இருக்கும்போதே அவர் லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, "மெதுவாத்தான் புள்ள" என்று சொல்லி அழுத்திவிட்டார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைக் காலையில் வடித்துவிட வேண்டுமாம். அன்று வடிக்கவில்லையாம். அதில் எண்ணெய்ச் சாரலும் கொஞ்சம் கலந்திருக்குமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. வெள்ளைத் துணியை எடுத்துப் பார்த்தபோது ஒரு புள்ளி இருந்த இடத்தில் வானத்து நட்சத்திரங்கள் அத்தனையும் இருந்தன.

"பழைய புள்ளி எதுன்னே தெரியலையே" என்றார், ஏதோ அதுவாவது நல்லது என்பதுபோல்.

அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அப்போதே அழித்துவிட்டேன். பின்னால் அது எவ்வளவு தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது.

கம்பெனியிலேயே ஒரு மூலையில் மகளைத் தூங்கவைத்துவிட்டு, கையேட்டையும் இணையத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். நான் நினைத்ததைவிட எளிமையாக இருந்தது. லென்ஸின் உள்ளே ஒரு துவாரம் சுருங்கி விரிகிறது. அது சுருங்கினால் உள்ளே கிடக்கும் தூசியெல்லாம் கூராகத் தெரியும். அகலத் திறந்து வைத்தால் தூசி அங்கேயேதான் இருக்கும், ஆனால் படத்தில் கரைந்துவிடும். திறந்து வைத்து வெள்ளைத் துணியை எடுத்தேன். நட்சத்திரங்கள் மறைந்து வெறும் மேகம்போல் லேசாக ஏதோ தெரிந்தது. இன்னும் திறந்தேன். மேகமும் போனது. சந்தோஷம் தாங்காமல் செக்கிங் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் முதுகில் அம்பு ஒட்டியிருப்பாரோ என்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

மாலைக்குள் ராம்பர் படங்கள் போய்ச் சேர்ந்தன. 'ஓகே' என்று பதிலும் வந்தது. ஆனால் அந்தப் படங்களில் என் மகள் அழுது களைத்து, மூக்கு ஒழுகி, முடியெல்லாம் தலையோடு ஒட்டிக்கிடந்தாள். உடுப்பு அழகாக இருந்தது. என் படம் இன்னும் பாக்கி.

ஞாயிறு காலை வேனில் மகள் என் மடியில் உட்கார்ந்து கேமராவை உருட்டிக்கொண்டு வந்தாள். பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் எனக்குப் பயம். பாதி வழி கொடுத்தேன், பாதி வழி பிடுங்கினேன். கோயிலில் என் தம்பிதான் தாய்மாமன், அவன் மடியில்தான் உட்காரவைத்து முடியெடுக்க வேண்டும். அவன் வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்தான். முடியெடுப்பவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் முடி வெயிலில் செம்பட்டையாக மின்னியது. இதுதான் சமயம். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"என்னக்கா அது, கேமரா நெத்தியில அம்பு?" என்றான் தம்பி.

இரண்டு நாள் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். புள்ளி, கறை, சாயப்பட்டறைச் சண்டை, ஏர் எல்லாம்.

"நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமா ஒரு புள்ளியா? அது நான் வாங்குன புதுசுலயே விழுந்துருச்சுக்கா. அதனாலதானே உனக்குக் குடுத்தேன்!"

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ பாப்பாவைப் பாக்காம புள்ளியையே பாத்துக்கிட்டு இருப்பே!"

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் மடி குலுங்கியதில் மகளும் குலுங்கி, என்னவென்று தெரியாமலே அவளும் வாய்விட்டுச் சிரித்து என் பக்கம் திரும்பினாள். காற்றில் முடி ஒரு பக்கமாக எழும்பியது. கோபத்தோடு அழுத்தினேன். அடுத்த படத்துக்கு அழுத்தும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. முந்தின இரவு சார்ஜில் போட்டேன், சுவிட்சைப் போட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்க்காத ஒரே இரவு அது.

மொட்டை முடிந்தது, காது குத்தினார்கள், அவள் அழுதாள், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் போட்டேன். அந்த ஒரே படம். நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். ஒவ்வொரு முடியும் தெரிகிறது. ஆனால் வேனில் மகள் கேமராவின் தலையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தைத் திருப்பி, எல்லாவற்றையும் கேமராவே முடிவுசெய்கிற 'ஆட்டோ'வில் வைத்திருக்கிறாள். அந்த வெயிலுக்குத் துவாரம் நன்றாகச் சுருங்கி, வானம் முழுக்கப் புள்ளிகள். கன்னத்திலும் ஒன்று.

மாமியாரிடம் கேட்டேன். "ஏனுங் அத்தை, அன்னைக்குக் காலைல பாப்பாவுக்குப் பொட்டு வெச்சீங்ளா?"

"வெக்காம இருப்பனா கண்ணு?"

"எந்தக் கன்னத்துலீங்க?"

"கண்ணு படற பக்கந்தான்."

நெற்றியில்தான் இருந்தது, வேனிலேயே அழிந்துவிட்டது என்கிறார் கணவர். தூசிதான் என்று தம்பி சத்தியம் செய்கிறான், ஆனால் அவன் பேச்சை இனி யார் நம்புவது? சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் எடுத்திருந்தார்கள். எல்லோரும் கத்தியைத்தான் எடுத்திருக்கிறார்கள், கன்னத்தை யாரும் எடுக்கவில்லை. அவர்கள் எடுக்கத் தொடங்கும்போதே, முடியை நனைக்க ஊற்றிய தண்ணீரில் முகமும் நனைந்துவிட்டிருந்தது. அழித்த அந்த வெள்ளைத் துணிப் படம் இருந்தால் புள்ளி எந்த இடத்தில் விழுந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கேமராவையோ திங்கட்கிழமையே சர்வீஸ் கடையில் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரு தடயமும் மிச்சமில்லை. நெற்றி அம்பைக்கூடப் பிரித்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறோம். ஸ்டுடியோக்காரர் வானத்துப் புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டார். "கன்னத்துல இருக்கறதையும் எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். மூன்று முறை 'எடுங்க' என்று தட்டச்சு செய்து அழித்தேன். தூசியாக இருந்து விட்டுவைத்தால், என் மகளின் முகத்தில் அழுக்கை ஒட்டிச் சுவரில் மாட்டிய அம்மா ஆவேன். பொட்டாக இருந்து எடுத்துவிட்டால், வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்கும் இடத்தில் அவளுக்கிருந்த ஒரே காவலைக் கம்ப்யூட்டரால் துடைத்த அம்மா ஆவேன். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் துடைக்கக் கை வரவில்லை.

நேற்று மகள், அப்பா சட்டைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கண்டுபிடித்துத் திரையில் இருந்த தன் படத்தில் ஒட்டினாள். புள்ளியில் அல்ல, பறக்கிற முடியில். அவளுக்கு இப்போது அரை விரல் நீளத்துக்கு முடி முளைத்திருக்கிறது, சுருளே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது மை வைத்த பொட்டுக்கும் கேமராத் தூசிக்கும் ஓரத்தில் என்ன வித்தியாசம் இருக்கும் என்று தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மகளாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஸ்டுடியோக்காரர் இன்று காலையும் போன் செய்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.